பேக்டெஸ்டில் லாபம், நிஜத்தில் நஷ்டம்: சரிவில் வாங்கி மறுநாள் விற்கும் உத்தி எங்கே கசிகிறது?

மூன்றரைமணி எழுதியது:

வணக்கம். உத்தி எளிமையானதுதான். நிஃப்டி 500 பங்குகளில், நேற்றைய முடிவு விலையிலிருந்து இன்று 4 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கி, ஆனால் 200 நாள் சராசரிக்கு மேலேயே நிற்பவற்றை இன்றைய முடிவு விலையில் வாங்குவது. மறுநாள் தொடக்க விலையில் விற்பது. பங்குக்கு 50,000 ரூபாய், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 பங்குகள். எல்லாம் டெலிவரி (அன்றே விற்காமல் வைத்திருப்பது).

தரவு: என்எஸ்இ பாவ்காப்பி (சந்தை தினமும் வெளியிடும் விலைக் கோப்பு), 2015 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை. பைதான், அதன் பாண்டாஸ் நூலகம். பங்குப் பட்டியல், இப்போது தளத்தில் கிடைக்கும் நிஃப்டி 500 கோப்பு. ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிளப்பது), போனஸுக்கு (இலவசப் பங்கு) விலையைச் சரிசெய்தாயிற்று. சரிசெய்த விலை 100 ரூபாய்க்குக் கீழே இருந்தால் அந்தப் பங்கு வேண்டாம் என்று ஒரு வடிகட்டி.

பேக்டெஸ்ட் (பழைய தரவில் ஓட்டிப் பார்த்த) முடிவு: ஒரு வர்த்தகத்துக்குச் சராசரி 0.58 சதவீதம், ஷார்ப் (ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்ட வருவாய் விகிதம்) 2.3. செலவு சேர்க்கவில்லை. நேரடியாக 61 வர்த்தகங்கள் முடிந்திருக்கின்றன: செலவு போகச் சராசரி மைனஸ் 0.11 சதவீதம், ஒரு வர்த்தகத்தின் திட்ட விலக்கம் 2.2. மாலை 3:20க்கு ஸ்கிரிப்ட் ஓடி 15 நிமிடக் கேண்டில்களை (கால்மணிக்கு ஒன்றாகச் சுருக்கிய விலை வரிசை) படித்து மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு வாங்கு) போடுகிறது. விற்பது காலை 9:15க்கு.

இது வெறும் கெட்ட நேரமா, பேக்டெஸ்டே தப்பா? எங்கிருந்து தேடுவது?

—

பழையடெர்மினல் எழுதியது:

முதலில் செலவைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். 50,000 ரூபாய்க்கு டெலிவரியில் வாங்கி விற்றால், புரோக்கரேஜ் சுழியம் என்றே வைத்துக்கொண்டாலும்: எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) இரண்டு பக்கமும் 0.1 சதவீதம், ஆக 100 ரூபாய். வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், 7.50. சந்தைக் கட்டணம் இரு பக்கமும் 0.00297 சதவீதம், சுமார் 3 ரூபாய். செபி (சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம்) கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து ஒரு ரூபாயைத் தாண்டாது. மொத்தம் 111 ரூபாய், அதாவது 0.22 சதவீதம். விற்கும்போது டிபி கட்டணம் (டிமேட் கணக்கிலிருந்து பங்கை எடுப்பதற்கு) பங்கு ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய் என்றால் இன்னொரு 0.03. இது கான்ட்ராக்ட் நோட்டில் வராது, லெட்ஜரில்தான் வரும்; பலர் தவறவிடுவது இதைத்தான். ஆக 0.25.

உங்கள் 0.58 இப்போது 0.33. நேரடி முடிவுக்கும் அதற்கும் இடைவெளி 0.44. 61 வர்த்தகங்களில் சராசரியின் பிழை 2.2ஐ 61இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.28. இடைவெளி அதைப்போல ஒன்றரை மடங்குதான். அதுவும் சந்தை மொத்தமாக விழுகிற நாளில் பத்துப் பங்குகள் ஒன்றாகச் சிக்கும். அவை பத்துத் தனி வர்த்தகம் ஆகா. ஆக வெறும் எண்ணிக்கையை வைத்து 'தப்பு' என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இன்னும் 200 வர்த்தகம் முடியும்வரை பணம் கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டாம். ஓட்டை உங்கள் விவரிப்பிலேயே தெரிகிறது.

பெரிய ஓட்டை முடிவு விலை. நீங்கள் எடுத்திருக்கும் பத்து ஆண்டுத் தரவில் பாவ்காப்பியின் 'கிளோஸ்' என்பது கடைசி வர்த்தகத்தின் விலை அல்ல. 3:00 முதல் 3:30 வரை நடந்த வர்த்தகங்களின் அளவு எடையிட்ட சராசரி. அந்த எண் 3:30க்குப் பிறகுதான் பிறக்கிறது. உங்கள் பேக்டெஸ்ட் அதைப் பார்த்து முடிவெடுத்து, அதே விலையில் வாங்கியும் விடுகிறது.

இதில் எவ்வளவு போலி லாபம் என்று பத்து நிமிடத்தில் அளக்கலாம். அதே கோப்பில் 'லாஸ்ட்' என்று இன்னொரு நெடுவரிசை இருக்கிறது. அதுதான் கடைசி வர்த்தக விலை. சிக்னல் வந்த நாட்களை மட்டும் எடுத்து, லாஸ்டிலிருந்து கிளோஸைக் கழித்து, கிளோஸால் வகுத்துச் சராசரி பாருங்கள். நாள் முழுக்க அடிவாங்கிய பங்கு கடைசி அரைமணியில் தலைதூக்கியிருந்தால் லாஸ்ட் மேலே இருக்கும். அந்த மீட்சியை நீங்கள் வாங்காமலேயே கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். சராசரி சுழியத்தை ஒட்டி வந்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்தது, அடுத்ததற்குப் போகலாம்.

3:40 முதல் 4:00 வரை முடிவு விலையிலேயே வாங்க ஒரு நேரம் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. அங்கே உங்களுக்கு யார் விற்கிறார்கள் என்று யோசியுங்கள். கடைசி விலை முடிவு விலையைவிட மேலே இருக்கும் பங்கை அந்த விலைக்கு யாரும் தரமாட்டார்கள். கீழே இருப்பது மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

தொடக்க விலையிலும் இதே கதை. தினசரித் தரவின் 'ஓபன்' முன்-தொடக்க ஏலத்தில் அமையும் விலை. 9:15க்கு ஆர்டர் போட்டால் அது கிடைக்காது. 9:00க்கும் 9:07க்கும் இடையில் ஆர்டர் உள்ளே போயிருக்க வேண்டும்; ஆர்டர் வாங்குவதை 9:07இலிருந்து 9:08க்குள் ஏதோ ஒரு நொடியில் மூடுவார்கள், எந்த நொடி என்று முன்கூட்டித் தெரியாது.

—

ஐசின்எண் எழுதியது:

மேலே சொன்னதோடு பங்குப் பட்டியல். இன்றைய 500 பெயர்களை 2015க்குக் கொண்டுபோனால், அன்று சின்னதாக இருந்து பிறகு வளர்ந்தவை எல்லாம் உள்ளே, அன்று பெரியதாக இருந்து மடிந்தவை எல்லாம் வெளியே. வீட்டுக்கடன் நிறுவனமான டிஹெச்எஃப்எல் 2021 ஜூனில் சந்தையிலிருந்தே போயிற்று, பங்குதாரருக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. இன்றைய பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது. சரிவில் வாங்கும் உத்திக்கு இது மற்ற உத்திகளைவிட அதிகமாக உறைக்கும்: விழுந்தும் எழாதவற்றை யாரோ முன்னாலேயே பொறுக்கி எடுத்துவிட்டுத் தந்த பட்டியல் அது. எச்டிஎஃப்சி லிமிடெட் போல 2023 ஜூலையில் வங்கியோடு இணைந்து மறைந்தவையும் உண்டு; அங்கே நஷ்டம் இல்லை, ஆனாலும் உங்கள் தரவில் அந்த எட்டரை வருடம் காணாது.

குறியீட்டின் பழைய உறுப்பினர் பட்டியலைத் திரும்பக் கட்டலாம். மார்ச், செப்டம்பர் என வருடம் இருமுறை மாற்றம். அறிவிப்புகளைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போக வேண்டும். சலிப்பான வேலை. அதைவிட நல்ல வழி, குறியீட்டையே மறந்துவிடுவது. பாவ்காப்பியில் அன்றன்று வர்த்தகமான எல்லாப் பங்குகளும் இருக்கின்றன, செத்துப்போனவையும் சேர்த்து. ஒவ்வொரு மாத முதல் நாளும், முந்தைய ஆறு மாதத் தினசரி வர்த்தக மதிப்பின் இடைநிலையை (மீடியன்) எடுத்து, இக்யூ தொடரில் (வழக்கமான வர்த்தகப் பிரிவு) முதல் 500ஐத் தேர்ந்தெடுங்கள். அன்று தெரிந்த தகவல் மட்டுமே அதில் உண்டு.

ஒரே பங்கின் தரவை நாளுக்கு நாள் எதை வைத்து இணைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பங்கின் சந்தைப் பெயர் மாறும்: ஸொமாட்டோ 2025இல் எட்டர்னல் ஆயிற்று. சரி, ஐசின் எண்ணை (பங்கின் அடையாள எண்) வைத்து இணைப்போம் என்றால், முகமதிப்பைப் பிளக்கும்போது ஐசினும் மாறிவிடும். 2021 அக்டோபரில் ஐஆர்சிடிசி ஒன்றை ஐந்தாகப் பிளந்தது, 2024 ஜனவரியில் நெஸ்லே இந்தியா ஒன்றைப் பத்தாக. போனஸில் ஐசின் மாறாது. இது தெரியாமல் இணைத்தால் ஒரே நிறுவனம் இரண்டு துண்டாகி, இரண்டாம் துண்டில் 200 நாள் சராசரி பத்து மாதம் காலியாக இருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது, அந்தப் பங்கு சத்தமில்லாமல் காணாமல் போகும். பழைய பெயர், புதிய பெயர், பழைய ஐசின், புதிய ஐசின், தேதி என்று ஒரு தனி அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த 100 ரூபாய் வடிகட்டி. ரிலையன்ஸ் 2017இலும் 2024இலும் ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்தது. 2015இல் 1,000 ரூபாய்க்கு நடந்த வர்த்தகம் சரிசெய்த தரவில் 250 என்று தெரியும். அதுபோல அன்று 900க்கு விற்று, பின்னால் நன்றாக ஏறிப் பத்தாகப் பிளந்த பங்கு உங்கள் கோப்பில் 90. வடிகட்டி அதைத் தூக்கி எறிகிறது. எதிர்காலத்தில் ஸ்பிளிட் நடக்கும் என்று 2015இலேயே உங்கள் நிரலுக்குத் தெரிந்திருக்கிறது! இங்கே இது உங்களுக்கு எதிராகவே வேலைசெய்கிறது என்பது வேடிக்கை. விலை வடிகட்டி, பங்கு எண்ணிக்கை, வர்த்தக மதிப்பு மூன்றுக்கும் அன்றைய அசல் விலை. வருவாய்க்கும் சராசரிக்கும் மட்டும் சரிசெய்த விலை. இரண்டு நெடுவரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

டீமெர்ஜரையும் (நிறுவனத்திலிருந்து ஒரு பகுதி பிரிவது) பாருங்கள். ஸ்பிளிட், போனஸ் மட்டும் சரிசெய்தால் இது விட்டுப்போகும். 2023 ஜூலை 20 அன்று ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது ரிலையன்ஸ் முந்தைய நாள் 2,841.85இலிருந்து 2,580க்கு வந்தது. அந்த 261.85 ரூபாய் பிரிந்த நிறுவனத்தின் மதிப்பு. உங்கள் நிரலுக்கு அது 9 சதவீதச் சரிவு, உடனே வாங்கு என்று சிக்னல்.

—

கோவைபைதான் எழுதியது:

நிரல் பக்கம் இரண்டு சந்தேகம்.

ஒன்று, 15 நிமிடக் கேண்டில். பாண்டாஸின் ரீசாம்பிள் நிமிடத் தரவைச் சுருக்கும்போது, கேட்காவிட்டால் இடப்பக்க (தொடக்க) நேரத்தையே பெயராகப் போடும். 15:15 என்று பெயரிட்ட வரிசையில் 3:15 முதல் 3:30 வரை நடந்தது எல்லாம் அடங்கும். பேக்டெஸ்டில் அந்த வரிசையை 3:15க்குத் தெரிந்ததாக எடுத்தால் கால்மணி நேர எதிர்காலத்தைப் படிக்கிறீர்கள். நேரடியில் 3:20க்கு அதே வரிசையைக் கேட்டால் கிடைப்பது ஐந்து நிமிடம் மட்டுமே ஆன அரைவேக்காட்டுக் கேண்டில். பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு. லேபிளை 'ரைட்' என்று மாற்றிவிட்டால், அந்த நேரத்தில் முடிந்துபோன தகவல் என்று வாசிக்கலாம். தரவு யூடிசி (உலகப் பொது) நேரத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். ஐந்தரை மணி நேர வித்தியாசம், நள்ளிரவு நேரம் பதிந்த தினசரி வரிசையின் தேதியையே மாற்றிவிடும்.

இரண்டு, விடுபட்ட நாட்கள். பழைய பாண்டாஸ் பதிப்புகளில் பெர்சென்ட்-சேஞ்ச் செயற்கூறு காலியான இடத்தை முந்தைய விலையால் தானே நிரப்பிக்கொள்ளும். வர்த்தகம் நிறுத்திவைக்கப்பட்ட பங்கு மூன்று வாரம் கழித்துத் திரும்பினால், அந்த மூன்று வார மாற்றம் 'இன்றைய சரிவு' ஆகிவிடும். நிரப்பும் விருப்பத்தை அணைத்துவிட்டு, முந்தைய வர்த்தக நாள் உண்மையிலேயே நேற்றுதானா என்று தேதியை ஒப்பிடுங்கள்.

கசிவைப் பிடிக்க ஒரு முரட்டு வைத்தியம்: எல்லா சிக்னலையும் ஒரு நாள் தள்ளி ஓட்டுங்கள், அதாவது ஷிஃப்ட்(1). 2.3 ஷார்ப் ஒரே நாளில் 0.3 ஆனால், லாபம் முழுக்க அந்த முடிவு விலைக் கணத்தில் இருந்தது என்று அர்த்தம். அது நிஜமாகவும் இருக்கலாம், கசிவாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அந்தக் கணத்தின் விலையை நிமிடத் தரவில் பார்க்காமல் மேலே போகக் கூடாது.

எத்தனை அளவுருக் கூட்டுகளை ஓட்டிப் பார்த்து இதைத் தேர்ந்தீர்கள்?

—

மூன்றரைமணி எழுதியது:

சரிவு அளவு 8, சராசரி நாட்கள் 6, பங்குகளின் எண்ணிக்கை 5. மொத்தம் 240.

—

கோவைபைதான் எழுதியது:

பத்து வருடத் தரவில், திறமையே இல்லாத உத்தியின் ஆண்டு ஷார்ப் சுழியத்தைச் சுற்றி ஏறக்குறைய 0.32 விலக்கத்தோடு ஆடும் (பத்தின் வர்க்கமூலத்தின் தலைகீழ்). ஒன்றோடொன்று தொடர்பில்லாத 240 உத்திகளில் மிகச் சிறந்தது, எதிர்பார்ப்பில், 2.8 விலக்கம் மேலே நிற்கும். அதாவது 0.9. உங்கள் கூட்டுகள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள், ஆகவே நிஜத்தில் அதைவிடக் குறைவு.

ஆக 2.3 என்பதை அதிகமாகத் தேடியதன் குற்றம் என்று சொல்ல வழியில்லை. குருட்டு அதிர்ஷ்டம் அவ்வளவு தூரம் தூக்காது. இது எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை: செலவு போடாத தினசரித் தரவு உத்தியில் இந்த அளவு ஷார்ப் வந்தால் முதலில் விலையையும் தரவையும்தான் சந்தேகிக்க வேண்டும். மேலே இருவரும் சொன்னதை முடித்துவிட்டு வாருங்கள், அளவுருவைத் தொடாதீர்கள்.

—

ஸ்பிரெட்கணக்கு எழுதியது:

லோயர் சர்க்யூட்டை (ஒரு நாளில் பங்கு இறங்கக்கூடிய கீழ் எல்லை) யாரும் சொல்லவில்லை. 5 சதவீதப் பட்டையில் இருக்கும் பங்கு சர்க்யூட்டில் பூட்டினால் உங்கள் 4 சதவீத நிபந்தனை தானாக நிறைவேறும். வாங்குவது எளிது, விற்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மறுநாள் காலையும் அங்கேயே பூட்டியிருந்தால் உங்களால் வெளியே வர முடியாது. பேக்டெஸ்டோ ஓபனில் விற்றுவிட்டதாக எழுதும். முடிவு விலை அன்றைய குறைந்த விலைக்குச் சமமாகவும், மாற்றம் 5, 10, 20 சதவீதத்தை ஒட்டியும் இருந்தால் அந்த வரிசையை நீக்கிவிடுங்கள். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் உள்ள பங்குகளுக்கு நிலையான பட்டை கிடையாது, அவற்றுக்கு இது வேண்டாம்.

இன்று வாங்கி நாளைக் காலை விற்கும்போது பங்கு இன்னும் டிமேட்டுக்கு வந்திருக்காது. உங்களுக்கு விற்றவர் தராவிட்டால் நீங்களும் தர முடியாது, சந்தை அதை ஏலத்தில் வாங்கிக் கொடுக்கும், விலை வித்தியாசம் உங்கள் தலையில். சர்க்யூட்டில் அடிபடும் பங்குகளில்தான் இது அதிகம் நடக்கும். பிஇ தொடருக்கு (டெலிவரி எடுத்த பிறகே விற்க வேண்டிய பிரிவு) மாறிய பங்குகளை அடியோடு விடுங்கள்.

ஆர்டர் அனுப்பும் பகுதி. செபியின் 2025 பிப்ரவரி 4 சுற்றறிக்கையும் அதையொட்டி வந்த சந்தை விதிகளும் ஏபிஐ (நிரலிலிருந்து நேரே புரோக்கருக்கு ஆர்டர் போகும் இணைப்பு) வழியாக வர்த்தகம் செய்பவருக்கு நிலையான ஐபி முகவரி கேட்கின்றன. வீட்டு பிராட்பேண்டின் மாறும் முகவரி உதவாது. நொடிக்கு 10 ஆர்டர் என்ற வரம்புக்குள் இருந்தால் அல்கோவை (தானியங்கி வர்த்தக நிரலை) சந்தையில் தனியே பதிவுசெய்ய வேண்டாம். உங்கள் பத்துப் பங்குகளுக்கு நொடிக்கு மூன்று என்று இடைவெளி விட்டு அனுப்பினாலே போதும்.

மார்க்கெட் ஆர்டரை நிறுத்துங்கள். விழுந்துகொண்டிருக்கும் நடுத்தரப் பங்கில் 3:20க்கு ஸ்பிரெட் (வாங்குபவர், விற்பவர் விலைகளின் இடைவெளி) விரிந்திருக்கும். விற்பவர் விலையிலேயே லிமிட் (அதற்கு மேல் தரமாட்டேன் என்ற விலை) வையுங்கள், 60 நொடியில் நிறைவேறாவிட்டால் ஒருமுறை மட்டும் உயர்த்துங்கள், அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். டிக் அளவை (விலை நகரும் மிகச்சிறிய படி) 0.05 என்று நிரலில் எழுதிவைக்காதீர்கள். 2024 ஜூனிலிருந்து 250 ரூபாய்க்குக் கீழான பங்குகளுக்கு 0.01, 2025 ஏப்ரலிலிருந்து 1,000 ரூபாய்க்கு மேல் போனால் 0.10, இன்னும் மேலே போகப்போகப் பெரிதாகும். தினமும் காலையில் புரோக்கர் தரும் பங்கு விவரக் கோப்பிலிருந்து படித்து அதன் மடங்குக்கு முழுமையாக்குங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் நிராகரிப்பு.

பணத்தை மொத்தமாகக் கரைக்கும் பிழை ஒன்று உண்டு: ஆர்டர் போனது, பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தது, நிரல் மறுபடி அனுப்பியது. இப்போது இரண்டு மடங்கு பங்கு கையில். ஒவ்வொரு ஆர்டருக்கும் தேதியும் பங்கும் பக்கமும் சேர்ந்த ஒரு டேக் கொடுங்கள். பதில் வராவிட்டால் முதலில் ஆர்டர் புத்தகத்தில் அந்த டேக்கைத் தேடுங்கள். இல்லாதபோது மட்டும் மறுமுயற்சி. கையிருப்பு எவ்வளவு என்பதை உங்கள் நிரலின் நினைவிலிருந்து எடுக்காதீர்கள், புரோக்கரிடம் கேளுங்கள். பாதி நிறைவேறிய ஆர்டரை நினைவு முழுசாக எண்ணிக்கொண்டிருக்கும்.

ஆர்டர் வெளியேறும் வாசலில் ஒரு காவலாளி: ஒரு ஆர்டர் 55,000 ரூபாய்க்கு மேல் போகாது, விலை கடைசி விலையிலிருந்து 2 சதவீதம் தள்ளிப்போகாது, ஒரு நாளில் 40 ஆர்டருக்கு மேல் கிடையாது. மீறினால் நிரல் நிற்க வேண்டும், எச்சரித்துவிட்டுத் தொடரக் கூடாது. 2012 அக்டோபர் 5 அன்று என்எஸ்இயில் ஒரே புரோக்கர் அலுவலகத்திலிருந்து போன 59 தவறான ஆர்டர்கள் 650 கோடிக்கு மேல் விற்று நிஃப்டியைக் கணப்பொழுதில் 15 சதவீதத்துக்கு மேல் இறக்கின. அதே வருடம் ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புது நிரலை ஏற்றி, 45 நிமிடத்தில் 46 கோடி டாலர் இழந்தது. உங்கள் மடிக்கணினியிலும் கிளவுடிலும் ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு பதிப்பாக ஓடவில்லையே?

—

மூன்றரைமணி எழுதியது:

கிளவுடில் மட்டும்தான். அளந்துவிட்டேன். சிக்னல் நாட்களில் லாஸ்ட், கிளோஸைவிடச் சராசரியாக 0.16 சதவீதம் மேலே. பட்டியலை வர்த்தக மதிப்பை வைத்து மாற்றினேன், சர்க்யூட் பங்குகளை நீக்கினேன், டீமெர்ஜரைச் சரிசெய்தேன். பிறகு 3:10 விலையில் சிக்னல், 3:15 முதல் 3:25 வரையிலான நிமிட விலைகளின் சராசரியில் வாங்குதல் என்று ஓட்டினால், 2019இலிருந்து கிடைக்கும் நிமிடத் தரவில் மொத்த லாபம் 0.24. செலவு 0.25ஐயும் ஸ்பிரெட்டையும் கழித்தால் சுழியத்துக்குக் கீழே. நேரடியில் பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது. இதில் மீட்க ஏதாவது இருக்கிறதா?

—

பழையடெர்மினல் எழுதியது:

0.24 பொய்யில்லை, ஆனால் அது முழுக்க அரசாங்கத்துக்கும் சந்தைக்கும் போகிறது. 0.25இல் 0.2 எஸ்டிடி மட்டுமே. புரோக்கர் மாற்றிப் பயனில்லை. ஃபியூச்சர்ஸில் எஸ்டிடி குறைவு, ஆனால் ஒரு லாட்டின் (வாங்கக்கூடிய குறைந்தபட்ச அளவு) மதிப்பே பல லட்சம், பங்குக்கு 50,000 என்ற உங்கள் கணக்கு அதில் ஏறாது.

மிச்சம் இருப்பது ஒரு வழி: ஒரே செலவுக்குக் கூடுதல் நாட்கள் வைத்திருப்பது. மறுநாள் காலைக்குப் பதில் மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் முடிவில் விற்றால் மொத்த லாபம் எவ்வளவு வளர்கிறது என்று பாருங்கள். 0.24 அங்கேயே நின்றால் கைவிடலாம். 0.6ஐத் தாண்டினால், ஏலச் சிக்கலும் சேர்ந்து தீரும், பங்கு டிமேட்டுக்கு வந்த பிறகுதானே விற்கிறீர்கள். ஓட்டும்போது 2019 முதல் 2022 வரை மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள். மீதி இரண்டு வருடத்தை முடிவெடுத்த பிறகு ஒரே ஒரு முறை திறக்கலாம். 240ஓடு இதையும் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

அதுவரை அந்த 3:20 ஸ்கிரிப்டை அணைத்துவிடாமல் ஒரு பங்கு மட்டும் (எண்ணிக்கையில் ஒன்று) வாங்கும்படி ஓடவிடுங்கள். பதினைந்து ரூபாய் டிபி கட்டணம் போகும், ஆனால் கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் தினமும் பதிவாகும். அந்தத் தரவை எங்கேயும் விலைக்கு வாங்க முடியாது.